கோவூர்கிழாரின் சந்துமொழி: ஒரு மறுநோக்கு

சங்கப் புலவர்கள் போர் தடுத்த சான்றோர் என்பது பாடநூல்களிலும் விழா மேடைகளிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்தாகும். அதற்கு முதற்சான்றாக எடுத்துக்காட்டப்படுபவர் கோவூர்கிழார். சோழன் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே மூண்ட பகையில் அவர் தலையிட்டுப் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் பலராலும் போற்றப்படுகின்றன. போற்றுதலோடு நாம் அமைந்துவிடின், அண்டை அரசுகளின் போரைப் பேச்சினால் முடித்தல் கூடுமா, கூடுமெனின் எவ்வாறு என்ற வினாக்களுக்கு அப்பாடல்கள் தரும் விடையை இழந்துவிடுவோம்.

முதலில் நோக்கற்பாலது 45ஆம் பாடல். துணைவஞ்சி என்னும் துறையில் அமைந்த இது, முற்றியோனையும் அடைபட்டோனையும் ஒருங்கே விளித்துச் சந்து செய்ய முயல்கிறது. எதிர்த்து நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனல்லன். வேம்பு சூடிய பாண்டியனுமல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. ஆதலின் எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே. இருவரும் வெல்வதோ உலகில் நடவாதது. இப்பகையைக் கண்டு மகிழ்வோர் பிற வேந்தரே. இதுவே புலவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதம் கூர்மையானது, ஆயின் அதன் எல்லையும் தெளிவானது. அது குடியொருமையை அடிப்படையாகக் கொண்டது. வேம்பும் பனையும் எதிர்நின்றால் இப்புலவர் என்ன சொல்லியிருப்பார்? தோல்வி பிறனுடையது எனும்போது, குடிப்பெயரால் போரைத் தடுக்கும் வழி அடைபட்டுவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. இப்பாடலால் போர் நின்றதென அதன் கொளு கூறவில்லை. 47ஆம் பாடலின் கொளு நெடுங்கிள்ளியைக் ‘காரியாற்றுத் துஞ்சிய’ என்ற அடையுடனேயே குறிக்கின்றது. புலவர் சொல்லுக்கு வேந்தர் பணிந்தனர் என்பது நாம் விரும்பிச் சேர்த்துக்கொண்ட முடிவேயாகும்.

அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாரின் தூதும் (புறம் 95) இங்கு அடிக்கடி சேர்த்துப் பேசப்படுகின்றது. பளபளக்கும் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்து, தன் தலைவனின் படைக்கலங்கள் போரில் நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதைச் சொல்லும் அப்பாடல், எதிரியை அஞ்சவைத்துப் போரை விலக்க முனைவது. அச்சத்தினால் போர் தள்ளிப்போகலாம்; பகை தீர்வதில்லை.

அண்டை நாடுகளுக்குப் பொருந்தும் வாதம் 44ஆம் பாடலில் உள்ளது. நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளிருந்தபோது பாடப்பெற்றது அது. அங்கே கண்ணியும் குடியும் பேசப்படவில்லை. நீராட்டும் கவளமுமின்றி வருந்தும் யானைகள், பாலின்றி அழும் குழவிகள், பூவின்றி வறுந்தலை முடிக்கும் மகளிர், நீரின்றிக் கலங்கும் மனைகள் ஆகியனவே பேசப்படுகின்றன. அறவோனாயின் ஊரைக் கொடுத்துக் கதவைத் திற; மறவோனாயின் போரிடத் திற; இரண்டுமின்றி மதிலின் ஒருபுறத்தே ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது என்று புலவர் மன்னனிடமே கூறுகிறார். அடைத்த கதவின் விலையைச் செலுத்துவோர் குழவியரும் மகளிருமே என்பதே இதன் அடிக்கருத்து. எக்கண்ணி சூடியவர்க்கும் இது பொருந்தும்.

புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணி வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியோரத்து மக்களுக்கு ‘அடைத்த கதவு’ உரை வேண்டாத தொடர். 1990 முதல் பன்னிரண்டு ஆண்டுகளாக எரிபொருள், மின்கலம், சீமெந்து, பசளை முதலியன வன்னிக்குள் வருவது தடுக்கப்பட்டிருந்தது. 2002இல் அத்தடை தளர்த்தப்பட்டது. பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. ஏப்ரலில் கண்டி வீதி திறந்தது. பின்னர் தாய்லாந்தில் தொடங்கி 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனேயில் முடிந்த ஆறு சுற்றுப் பேச்சுகளில் அரசியல் தீர்வு எட்டப்படவில்லை. எனினும் மக்கள் அச்சமாதானத்தை நம்பியது கதவு திறந்திருந்ததனாலேயே. 2006 ஆகஸ்டில் முகமாலைப் பாதை அடைபட்டபோது, உடன்படிக்கை முறைப்படி நீக்கப்பட 2008 ஜனவரி வரை சென்றபோதிலும், சமாதானம் முடிந்துவிட்டதை மக்கள் உணர்ந்துவிட்டனர்.

இதனோடு 1987 ஜூலை 29இன் இலங்கை–இந்திய ஒப்பந்தத்தை ஒப்பிடுக. அண்டை நாடுகள் இரண்டின் தலைவர்களான ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் அதில் கையொப்பமிட்டனர். போரிட்ட இயக்கங்கள் கையொப்பமிட்ட தரப்பாக இருக்கவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. 2002இல் போரிட்ட இருவரும் மேசையில் அமர்ந்தனர். ஆயினும் முஸ்லிம் மக்களுக்குத் தனித் தரப்பாக இடம் கிட்டவில்லை. கோவூர்கிழார் இரு வேந்தரிடமும் பேசினார். அவர் காட்டிய ஆவூர் மக்களின் இடமோ எம்மேசையிலும் வெறிதாகவே இருந்தது.

அவ்விடம் வெறிதாயிருந்ததன் முடிவை 2009 காட்டிற்று. ஒருபுறம் முற்றுகையும் எறிகணையும். மறுபுறம் வெளியேற விடாத தடை. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளிப்படுத்திய அறிக்கை, மருத்துவமனைகள் மீதான அரசபடையின் எறிகணை வீச்சையும், தப்பியோட முயன்றோரைப் புலிகள் சுட்டதையும் நம்பத்தகு குற்றச்சாட்டுகளாகப் பதிவுசெய்துள்ளது. முற்றியோனிடமும் அடைத்தோனிடமும் ஒரே குரலில் கேட்க வேண்டிய கேள்வி அன்று கேட்கப்பட்டும் செவிசாய்ப்பாரின்றிப் போயிற்று.

உலகப் போர்களும் இதையே கூறுகின்றன. ஈரான்–ஈராக் போரை நிறுத்தக் கோரும் 598ஆம் தீர்மானத்தைப் பாதுகாப்புச் சபை 1987 ஜூலையில் நிறைவேற்றியது. போர் ஓய்ந்ததோ 1988 ஆகஸ்டில். எட்டாண்டுப் போரில் எவரும் வெல்லவில்லை. இருவரும் வெல்லுதல் இயலாதென்ற புலவர், இருவரும் தோற்றல் இயலும் என்பதைச் சொல்லாமற் சொல்லியிருந்தார். வேந்தர் அதனை உணர்தற்கு இடைப்பட்ட காலத்தில் மாள்வோர் மக்களே.

ஆகவே பேச்சுவார்த்தையின் வாய்ப்பை அளக்கும் அளவுகோல் கையொப்பங்களின் தொகையன்று. எந்தக் கதவு முதலில் திறக்கப்படுகிறது, அது மீண்டும் அடைபடாமற் காப்பவர் யார், உள்ளிருப்போர் சார்பில் பேசுபவர் யார் என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். குடியொருமை பேசும் 45ஆம் பாடலை நாம் மேடைகளில் போதிய அளவு கேட்டுவிட்டோம். வகுப்பறைகளிலேனும் 44ஆம் பாடல் இனி முதலிடம் பெறுதல் வேண்டும்.