தாங்கும் இடம் அறிந்து தூக்குவோம்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஜாக்கி மரபுகள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை விலை பேசப் போகிறவர்கள் பானட்டைத் திறந்து பார்ப்பார்கள். பெயிண்டைத் தடவிப் பார்ப்பார்கள். எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள். விவரம் தெரிந்தவர் தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். கதவுக்குக் கீழே மடங்கிய தகட்டு விளிம்பு, தரைத்தகட்டின் அடியில் நசுங்கிய சட்டம், ஜாக்கியின் வட்டத் தலை பதிந்த பள்ளம் ஆகியவை அங்கே தெரியும். இவை சாலையில் பட்ட அடிகள் அல்ல. பழுது பார்க்கப் போன இடத்தில், தூக்கத் தெரியாதவர் கையில் பட்ட அடிகள்.

எடையை வண்டியின் எந்தப் பாகம் சுமக்க வேண்டும் என்பதில் கார் செய்தவர்கள் ஒரே கருத்தில் இருந்ததில்லை. அதனால்தான் தூக்கும் முறையிலும் மரபுகள் பிரிந்தன. ஒரு மரபில் கைபழகியவர் இன்னொரு மரபின் வண்டியைத் தொடும்போதுதான் பெரும்பாலான சேதங்கள் நேர்கின்றன.

தனிச் சேஸிஸ் மரபு

சேஸிஸ் தனி, பாடி தனி என்பது மூத்த மரபு. 1953-இல் வந்த ட்ரையம்ப் டி.ஆர்.2 இந்த வகை. எடை முழுவதும் நீளவாக்கில் ஓடும் இரண்டு எஃகுச் சட்டங்களில் இறங்குகிறது. சட்டத்துக்கு அடியிலோ முன்பக்கக் குறுக்குச் சட்டத்துக்கு அடியிலோ ஜாக்கி வைத்தால் போதும். பாடியைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

நம்மூர்ப் பட்டறைகளுக்கு இது புதிதல்ல. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1959-இல் பிரிட்டனில் வந்த ட்ரையம்ப் ஹெரால்டின் வழித்தோன்றல். அந்த ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கி மாற்றித்தான் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் பிறந்தது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஹெரால்டு சேஸிஸில் நடுச் சட்டங்களிலிருந்து கிளைக் கைகள் நீண்டு, இரு ஓரங்களிலும் பக்கச் சட்டங்களைத் தாங்கும். ஸ்பிட்ஃபயரில் அந்தப் பக்கச் சட்டங்கள் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடாகிய சில்தான் அந்த வேலையைச் செய்கிறது. ஹெரால்டு என்று நினைத்து ஸ்பிட்ஃபயரின் ஓரத்தில் ஜாக்கி கொடுப்பவர், சேஸிஸைத் தூக்குவதாக எண்ணிக்கொண்டு பாடியின் தகட்டை நசுக்குகிறார்.

நடுச்சட்ட மரபு

1962-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் எலான் வேறு கொள்கையில் பிறந்தது. எஃகுத் தகட்டை மடித்துப் பெட்டியாக்கி, இரு முனைகளிலும் கவை பிரிந்த ஒரே நடுச்சட்டம். அதன்மேல் ஃபைபர் பாடி. தொடக்ககால எலானின் எடை 700 கிலோவுக்கும் குறைவு. லேசான வண்டிதானே என்ற அலட்சியம்தான் இதற்கு எமன். ஃபைபர் தரையில் ஜாக்கியின் தலை பட்டால் தகடு போல் பள்ளம் விழாது. நட்சத்திர வடிவில் விரிசல் ஓடும். நடுச்சட்டமும் மெல்லிய தகடுதான். அதன் நடுவில் சின்னத் தலையுள்ள ஜாக்கியை வைத்து அழுத்தினால் அடித்தகடு உள்வாங்கிவிடும். சஸ்பென்ஷன் பொருந்தும் முனைகளின் அடியில், அகலமான மரக்கட்டை கொடுத்துத் தூக்குவதே இந்த மரபின் விதி.

சில் மரபு

சேஸிஸே இல்லாமல் பாடியே எடையைச் சுமக்கும் முறையில் உச்சம் தொட்டது 1962 முதல் பிரிட்டனின் அபிங்டனில் உற்பத்தியான எம்.ஜி.பி. கூரையில்லாத வண்டிக்கு வளையாத தன்மையைத் தருவது அதன் சில் பெட்டி. வெளித்தகடு, நடுவே ஒரு தடுப்புத் தகடு, உள்தகடு, அடியில் ‘காஸில் ரெயில்’ எனப்படும் மடிப்புத் தகடு என்று பல அடுக்குகள் சேர்ந்தது அது. வண்டியோடு வந்த ஜாக்கி, பக்கவாட்டுப் புள்ளியில் பொருந்தி ஒரு பக்கத்தை மொத்தமாகத் தூக்கும். ஐம்பது வருடத் துரு ஏறிய வண்டியில் அதை நம்பக் கூடாது. ட்ராலி ஜாக்கி கிடைத்துவிட்ட இந்நாளில் முன்பக்கக் குறுக்குச் சட்டமும் பின் அச்சும்தான் உகந்த இடங்கள். பின் அச்சில் டிஃபரன்ஷியலின் மூடித் தகட்டில் ஜாக்கி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வண்டியில் ஜாக்கியே ஒரு பரிசோதனைக் கருவியும் ஆகும். சில்லின் ஜாக்கிப் புள்ளியில் மெல்ல எடை கொடுத்து, டயர் தரையை விடும் நேரத்தில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ, கதவு இடித்தாலோ, மேலே பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் சில் உள்ளே செத்துவிட்டது என்று பொருள். உடனே இறக்கிவிட வேண்டும்.

1961-இன் ஜாகுவார் ஈ-டைப் இதன் உறவுக்காரர். நடுப்பகுதி பாடியே எடை சுமப்பது. முன்பகுதியில் மட்டும் மெல்லிய சதுரக் குழாய்களால் ஆன சட்டகம் எஞ்சினைத் தாங்குகிறது. முன்னால் ரேடியேட்டர் அருகே அந்தக் குழாய்களில் ஜாக்கி கொடுப்பது பெரும்பிழை. வளைந்த குழாயை நிமிர்த்தி வெல்டிங் வைப்பதும் தவறு. சட்டகத்தை மாற்றுவதே முறை.

குழாய் மரபு

ஜெர்மானியர்கள் ஜாக்கிக்கென்றே வண்டியில் இடம் ஒதுக்கினார்கள். 1963-இல் வந்த மெர்சிடிஸ் ‘பகோடா’ 230 எஸ்.எல்-இன் சில்லில் ரப்பர் மூடி போட்ட துளைகள் உண்டு. உள்ளே குழாய், அதில் ஜாக்கியின் கை நுழையும். போர்ஷே 911-இன் பழைய மாடல்களில் பக்கத்துக்கு ஒரு செருகுகுழாய். அதில் தூக்கினால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரமும் எழும்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் குழாய் நீரையும் சேற்றையும் தேக்கும். ரப்பர் மூடி தொலைந்த வண்டியில் குழாயைச் சுற்றிய தகடு முதலில் அரிக்கும். ஒருநாள் ஜாக்கியைச் சுழற்றினால் வண்டி எழாது. குழாய் மட்டும் சில்லுக்குள் ஏறிப் போகும். அம்பாசடரின் பின் அச்சில் ஜாக்கி கொடுத்துப் பழகிய கைக்கு 911-இல் இன்னொரு பொறியும் உண்டு. அதில் பின் அச்சுக் குழாயே கிடையாது. பின்னால் தொங்குவது எஞ்சின். அதன் ஆயில் தட்டில் ஜாக்கி வைத்து நசுக்கியவர்கள் உண்டு.

விளிம்பு மரபு

ஜப்பானிய மரபில் சில்லின் அடியில் இரண்டு தகடுகள் சேரும் ஸ்பாட் வெல்டிங் விளிம்பே தூக்குமிடம். 1989-இல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5-இல் அந்த விளிம்பில் இரண்டு வெட்டுக் குறிகள் இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் உள்ளே பலப்படுத்தப்பட்டது. வண்டியோடு வரும் சிசர் ஜாக்கியின் தலையில் பிளவு இருப்பது, அந்த விளிம்பு அதற்குள் இறங்க. தட்டையான தலையுள்ள ட்ராலி ஜாக்கியை அங்கே வைத்தால் விளிம்பு சாய்ந்து மடியும்.

1969-இன் டாட்சன் 240 இசட், எம்.எக்ஸ்-5 இரண்டிலும் தரைத்தகட்டின் கீழே நீளமாக ஓடும் சட்டத்தைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். பார்க்கச் சேஸிஸ் போலவே இருக்கும். தொட்டுப் பார்த்தால் மெல்லிய தகட்டை மடித்த ஓடை. இந்த இரண்டு வண்டிகளிலும் நசுங்காத சட்டத்தைக் காண்பதே அபூர்வம்.

எல்லா மரபுக்கும் பொதுவான ஒழுங்கு

மரபுகள் ஐந்தானாலும் ஒழுங்கு ஒன்றே: ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஹைட்ராலிக் ஜாக்கியில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பது எண்ணெயும் ஒரு ரப்பர் சீலும்தான். அந்த நம்பிக்கையில் யாரும் அடியில் படுக்கக் கூடாது.

தரை சமமான கான்கிரீட்டாக இருக்கட்டும். வெயிலில் இளகிய தாரில் ஸ்டாண்டின் கால் புதையும். வேறு வழியில்லையென்றால் கனமான பிளைவுட் பலகை போட வேண்டும். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான வண்டிகளில் பின் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் வண்டிக்கு பிரேக்கே இல்லை. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைப்பது கட்டாயம். ட்ராலி ஜாக்கியின் கை வில்வளைவாக எழுவதால், தூக்கும்போது ஜாக்கி கொஞ்சம் உருண்டாக வேண்டும். அதன் சக்கரத்தைக் கல்லோ மண்ணோ தடுத்தால் தலை வழுக்கும். கம்பிச் சக்கரத்தின் நடு நட்டைச் சுத்தியலால் தட்டி இளக்கும் வேலையை வண்டி தரையில் நிற்கும்போதே முடித்துவிட வேண்டும். ஸ்டாண்டில் இறக்கியதும், அடியில் போகுமுன் கையால் நன்றாக அசைத்துப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைச் சில்லுக்கு அடியில் படுக்க வைத்தால் அது கடைசிக் காவல்.

கருவிகளுக்கும் தர விதிகள் உண்டு. ஐரோப்பாவில் நகரும் ஜாக்கிகளுக்கு ஈ.என். 1494, அமெரிக்காவில் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் ஏ.எஸ்.எம்.இ.யின் பி.ஏ.எஸ்.இ. விதி. ஆனால் முத்திரை மட்டும் உயிரைக் காக்காது. 2020-இல் அமெரிக்காவில் பல லட்சம் ஸ்டாண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. உயரத்தைப் பூட்டும் பல் முழுமையாகக் கவ்வாமல் சட்டென்று இறங்கக் கூடும் என்பதே காரணம். வாங்கிய ஸ்டாண்டில் பல் முழு ஆழத்துக்கு விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

சேதத்தைச் சீர் செய்தல்

இதிலும் மரபுக்கொரு மருத்துவம்.

மடிந்த விளிம்பை அகல வாய் கொண்ட பிடிப்பானால் கொஞ்சம் கொஞ்சமாக, முன்னும் பின்னும் நகர்ந்து நிமிர்த்த வேண்டும். ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் தகடு களைத்துக் கீறும். ஸ்பாட் வெல்டிங் விட்டிருந்தால் துளையிட்டு மிக் வெல்டிங்கில் நிரப்ப வேண்டும். பிறகு துரு தேய்த்து, எபாக்ஸி பிரைமர், இடுக்கில் சீம் சீலர், மேலே பெயிண்ட். இனி அந்த விளிம்பில் தூக்குவதானால், விளிம்பு இறங்கும் அளவுக்கு வெட்டுப் போட்ட ரப்பர் கட்டை கொடுத்தே தூக்குங்கள். அமெரிக்க ஆர்வலர்கள் ஐஸ் ஹாக்கி ஆடும் ரப்பர் வட்டையே இதற்கு வெட்டிக்கொள்கிறார்கள்.

நசுங்கிய தரைச் சட்டத்தில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கும். துரு உள்ளேயிருந்து தொடங்கியிருக்கும். அதன்மேல் புதுச் சட்டத்தைப் போர்த்தி வெல்டிங் வைப்பது நோயை உள்ளே வைத்துத் தைப்பதுதான். வெட்டி எடுத்து, நல்ல தகடு தெரியும்வரை போய், புதியதை வைக்க வேண்டும்.

எம்.ஜி.பி. சில்லை வெட்டுமுன் கதவு வாசலில் குறுக்குத் தாங்கிகள் வெல்டிங் செய்து, பாடி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று கதவு இடைவெளியை அளந்து கொள்ள வேண்டும். சின்னச் சின்னத் துண்டுகளாக வெல்டிங் ஓட்டி, இடையிடையே கதவை மாட்டிப் பார்ப்பது வழக்கம். இதைச் செய்யாமல் வெட்டினால் வண்டி வாழ்நாள் முழுக்க வளைந்தே நிற்கும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் எம்.ஜி.பி.க்கு முழுப் புதிய பாடியே செய்து தருவதால், தகடு கிடைக்கவில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

ஃபைபர் விரிசலை மேலே பட்டி பூசி மூடினால் சில மாதங்களில் திரும்ப வரும். விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, உள்பக்கமிருந்து கண்ணாடி இழை விரிப்பும் ரெசினும் அடுக்க வேண்டும்.

எந்த வண்டியானாலும் கடைசி வேலை, மூடிய பெட்டிகளுக்குள் மெழுகு தெளிப்பது. இது விட்டுப்போனால் செய்த வெல்டிங் எல்லாம் நாலைந்து மழைக்காலத்துக்குத்தான்.

பெரும்பாலான சேதம் நல்ல பட்டறையில் நேர்வதில்லை. அவசரத்துக்கு ஒதுங்கும் பஞ்சர் கடையிலும், அலைன்மென்ட் பார்க்கும் இடத்திலும்தான் நேர்கிறது. அங்கிருப்பவர் உங்கள் வண்டியை வாழ்நாளில் அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்; அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வண்டியின் ஜாக்கிப் புள்ளிகளைப் படம் எடுத்து, எங்கே தூக்கலாம், எங்கே கூடாது என்று தமிழில் எழுதி லேமினேட் செய்து, வெட்டுப் போட்ட ரப்பர் கட்டையோடு டிக்கியில் வையுங்கள். வண்டி ஜாக்கியில் ஏறும்போது பக்கத்தில் நின்று நீங்களே இடத்தைக் காட்டுங்கள்.