உடைந்ததா, உடைத்தேனா? – ஈராக் போரும் ஹிலாரி கிளின்டனின் ஒரு வாக்கும்

வீட்டில் கண்ணாடி டம்ளர் விழுந்து நொறுங்கினால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? "அம்மா, டம்ளர் உடைஞ்சிருச்சு." எடுத்த எடுப்பில் "உடைச்சிட்டேன்" என்று சொல்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. தமிழில் இதற்கென்றே வசதியாக இரண்டு வினைகள் இருக்கின்றன. உடைவது ஒன்று, உடைப்பது இன்னொன்று. முதலாவதில் டம்ளர் மட்டும்தான் இருக்கிறது, கை இல்லை. அம்மாக்களுக்கு இது தெரியும். அதனால்தான் உடனே, "ஓகோ, தானா உடைஞ்சுதா?" என்று கேட்கிறார்கள்.

ஈராக் போர் பற்றி அமெரிக்க அரசியல்வாதிகள் பேசியதைப் படித்துக் குறிப்பெடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த டம்ளர்தான் ஞாபகம் வரும். அதிலும் ஹிலாரி கிளின்டன் பேசியதைப் படிக்கும்போது.

2007 பிப்ரவரி. அதிபர் வேட்பாளர் ஆகும் முயற்சியில் அவர் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் பெர்லின் என்ற சிறு ஊருக்குப் போகிறார். கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்கிறார்: போருக்கு அதிகாரம் கொடுத்து வாக்களித்தது தவறு என்று இங்கேயே, இப்போதே, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்களேன்? ஹிலாரியின் பதில் இப்படிப் போனது: இன்று தெரிந்தது அன்று தெரிந்திருந்தால் அப்படி வாக்களித்திருக்கவே மாட்டேன், தவறுகளைச் செய்தது இந்த அதிபர்.

கேள்விக்குப் பதில் வந்ததா? கேட்டவுடன் வந்த மாதிரிதான் இருக்கும். இன்னொரு தடவை படித்துப் பாருங்க. "தவறு" என்ற சொல் இருக்கிறது, அது புஷ்ஷின் தவறு. "நான்" என்ற சொல்லும் இருக்கிறது, ஆனால் "தெரிந்திருந்தால்" என்பதற்குப் பின்னால் பத்திரமாக நிற்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து அதே மாநிலத்தில் இன்னொரு ஊரில், அந்த வாக்கைப் போடாதவரோ, போட்டது தவறு என்று சொன்னவரோதான் உங்களுக்கு முக்கியம் என்றால் வேறு வேட்பாளர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அதாவது, வேணும்னா அவங்களுக்குப் போட்டுக்கோங்க. அந்தச் சமயத்தில் ஈராக்கில் இறந்த அமெரிக்கப் படையினர் மட்டும் 3,000 பேரைத் தாண்டியிருந்தார்கள். இறந்த ஈராக்கியர்கள் அதைப் போலப் பல மடங்கு.

சரி, அந்த வாக்குக்கு வருவோம்.

2002 அக்டோபர் 11 அதிகாலை செனட் சபையில் 77–23 என்று தீர்மானம் நிறைவேறியது. ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 29 பேர் ஆதரவு, 21 பேர் எதிர்ப்பு. நியூயார்க் செனட்டர் ஹிலாரி ஆதரித்தவர்களில் ஒருவர். அந்தத் தீர்மானத்தின் பெயரே ஈராக்குக்கு எதிராக ராணுவ பலத்தைப் பயன்படுத்த அதிகாரம் அளிப்பது என்பதுதான். உள்ளே இருந்ததும் அதேதான்: தேவை என்று அதிபர் தாமே முடிவு செய்தால் படையை அனுப்பலாம்.

ஹிலாரியின் பிற்கால விளக்கம் வேறு. அது போருக்கான வாக்கு இல்லை, சதாம் உசேனுக்கு நெருக்கடி கொடுத்து ஆயுத ஆய்வாளர்களை மறுபடி உள்ளே அனுப்புவதற்கான வாக்கு என்றார். இதை நான் அப்படியே தள்ளிவிட மாட்டேன். வாக்குக்கு முன் அவர் ஆற்றிய உரையில் இது இருக்கத்தான் செய்கிறது. ஐ.நா. வழியில் முயல்வதாக அதிபர் சொல்வதை நம்புகிறேன் என்கிறார். நினைத்த மாத்திரத்தில் போருக்குப் போகும் கொள்கைக்கு இது ஆதரவு இல்லை என்கிறார். அதே உரையில் சதாம், அல்கொய்தா ஆட்கள் உள்படப் பயங்கரவாதிகளுக்கு இடம் கொடுத்தார் என்றும் சொல்கிறார். அந்த விஷயத்தில் உளவுத்துறைக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது.

ஆய்வாளர்களை அனுப்புவதுதான் நோக்கம் என்றால், அதற்கென்றே வேறொரு தாள் அதே நாளில் அதே சபையில் இருந்தது. பலர் மறந்துவிட்ட விஷயம் இது.

ராணுவக் குழுவின் தலைவராக இருந்த கார்ல் லெவின் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதன் சாரம்: முதலில் ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போங்கள், அங்கே புதுத் தீர்மானம் வாங்குங்கள், அதன்படி தேவையானால் பலத்தைப் பயன்படுத்துங்கள். ஐ.நா. மறுத்தால் திரும்ப இங்கே வாருங்கள், நாடாளுமன்றம் கூடிப் பேசி முடிவு செய்யும். ஹிலாரி பின்னால் "நான் வாக்களித்தது இதற்குத்தான்" என்று விவரித்தது கிட்டத்தட்ட வரிக்கு வரி இந்தத் திருத்தம்தான்! அது 24–75 என்று தோற்றது. எதிர்த்த 75 பேரில் ஹிலாரியும் உண்டு.

ஏன் என்று பிறகு கேட்டபோது, அமெரிக்காவின் முடிவை ஐ.நா.வின் கையில் கொடுத்துவிடும் என்பதால் எதிர்த்தேன் என்றார். அது ஒரு வாதம்தான், ஆனால் பலவீனமான வாதம். ஐ.நா. மறுத்தாலும் முடிவு அமெரிக்க நாடாளுமன்றத்திடம்தான் திரும்பி வந்திருக்கும். லெவின் கேட்டது ஒரு இடைநிறுத்தம் மட்டுமே. நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும்: அதிபரின் அதிகாரத்துக்கு ஒரு வருடக் கெடு வைக்க ராபர்ட் பைர்டு கொண்டுவந்த திருத்தத்தை ஹிலாரி ஆதரித்தார். அதுவும் தோற்றது. ஆக, வெற்றுக் காசோலையின் ஆபத்து அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது "தெரிந்திருந்தால்" என்ற சொல்.

அன்று தெரிந்துகொள்ள என்ன இருந்தது? தொண்ணூறு பக்கத்துக்கு மேற்பட்ட ரகசிய உளவு மதிப்பீடு ஒன்று வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு செனட்டர்கள் படிப்பதற்காகவே வைக்கப்பட்டது. ஈராக் வாங்கிய அலுமினியக் குழாய்கள் அணு ஆயுதத்துக்குத்தானா என்பதில் எரிசக்தித் துறைக்கும் வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவுக்கும் இருந்த மாறுபட்ட கருத்து அதிலேயே பதிவாகியிருந்தது. முழுக்கப் படித்தவர்கள் மிகச் சிலர். ஹிலாரி படிக்கவில்லை, சாரத்தை அதிகாரிகள் விளக்கினார்கள் என்றார். உளவுக் குழுவின் தலைவராக இருந்த பாப் கிரஹாம் படித்தார். எதிர்த்து வாக்களித்தார்.

இப்போது "அன்று தெரிந்திருந்தால்" என்பதைத் திரும்பப் படித்தால் எப்படி இருக்கிறது? தெரியாமல் போனது விதி இல்லை, படிக்காமல் விட்டது. அதோடு, எதிர்த்த 23 பேருக்கும் ஞானதிருஷ்டி ஒன்றும் கிடையாது. எல்லாருக்கும் கிடைத்த அதே தாள்கள்தான் அவர்களுக்கும் கிடைத்தன. சதாமிடம் ஆயுதம் இருக்கலாம் என்று நம்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். போரை முடிவு செய்யும் அதிகாரத்தை ஒரு தனி மனிதரிடம் முன்கூட்டியே கொடுக்கலாமா என்பதும் அவர்கள் கேட்ட கேள்வி. அதற்கு உளவுத் தகவலே வேண்டாம், தீர்மானத்தின் வாசகம் போதும்.

அதற்கப்புறம் 2003 மார்ச். ஐ.நா.வின் 1441-ஆம் தீர்மானத்தின்படி ஆய்வாளர்கள் ஈராக்குக்குள் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. ஹிலாரி விரும்பியதாகச் சொன்னது நடந்துகொண்டிருந்தது. மார்ச் 7 அன்று ஆய்வுக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், வேலையை முடிக்க இன்னும் சில மாதங்கள் போதும் என்று பாதுகாப்பு சபையில் சொன்னார். மார்ச் 17 அன்று புஷ் 48 மணி நேரக் கெடு விதித்தார். ஆய்வாளர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். "நான் வாக்களித்தது ஆய்வுக்காக, இப்படிப் பாதியில் நிறுத்தவா?" என்று கேட்க ஒரு நாள் இருந்ததென்றால் அது அன்றுதான். அன்று வந்த ஹிலாரியின் அறிக்கை, போரைத் தவிர்க்க சதாமுக்கு அதிபர் கடைசி வாய்ப்பு கொடுத்திருக்கிறார் என்ற தொனியில் இருந்தது. ஏமாற்றப்பட்ட ஒருவரின் குரல் அதில் இல்லை.

ஏன் இப்படி? அவருடைய இக்கட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரட்டைக் கோபுரம் விழுந்த நகரம் அவருடைய மாநிலத்தில் இருந்தது. முப்படைகளின் தலைமைக்கு ஒரு பெண் ஆசைப்பட்டால் "உறுதி இருக்குமா?" என்ற கேள்வி ஆண்களைவிட அவரிடம்தான் அதிகம் வரும். 2004-இல் ஜான் கெர்ரி பட்ட பாடும் கண்முன் இருந்தது. 87 பில்லியன் டாலர் போர்ச் செலவை எதிர்ப்பதற்கு முன்னால் ஆதரித்தேன் என்று அவர் சொன்ன ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு குடியரசுக் கட்சி அவரைப் பச்சோந்தி ஆக்கிவிட்டது. மாற்றிப் பேசினால் பலவீனம், மாற்றாவிட்டால் பிடிவாதம். நடுவில் நிற்பதற்குக் கிடைத்த திண்ணைதான் "தெரிந்திருந்தால்".

ஆனால் அதே இக்கட்டில் இருந்த இன்னொருவர் ஜான் எட்வர்ட்ஸ். தீர்மானத்தை ஆதரித்தவர், உளவுக் குழுவிலும் இருந்தவர். 2005 நவம்பரில் வாஷிங்டன் போஸ்ட்டில் ஒரு கட்டுரை எழுதினார். தான் செய்தது தவறு என்பதுதான் அதன் முதல் வாக்கியமே. அவர் புனிதர் என்று சொல்ல வரவில்லை, அதிலும் தேர்தல் கணக்கு இருந்திருக்கும். ஆனால் அந்த வாக்கியத்தில் கை இருக்கிறது. அதே மாதம் ஹிலாரி தன் தொகுதி மக்களுக்கு எழுதிய கடிதத்தில் வாக்குக்குப் பொறுப்பேற்பதாகச் சொன்னார். தவறு என்று சொல்லவில்லை. பொறுப்பேற்கிறேன் என்பது கம்பீரமான சொல். தவறு செய்தேன் என்பது சின்னச் சொல். ஆனால் இரண்டாவதைச் சொன்னால்தான் "என்ன தவறு, எங்கே?" என்ற அடுத்த கேள்வி வரும்.

2008 ஜனவரியில் அயோவாவில் அவர் மூன்றாவது இடத்துக்குப் போனார். 2002-லேயே சிகாகோவில் இந்தப் போரை எதிர்த்துப் பேசியிருந்த ஒபாமா முதலிடம். ஒபாமா அன்று செனட்டில் இல்லை, இருந்திருந்தால் எப்படி வாக்களித்திருப்பேனோ தெரியாது என்று 2004-இல் அவரே ஒருமுறை வழுக்கியிருக்கிறார். இருந்தாலும் அவருக்கு மறைக்க ஒரு வாக்கு இல்லை.

2014-இல் வந்த 'ஹார்ட் சாய்சஸ்' என்ற புத்தகத்தில் ஹிலாரி தான் தவறிவிட்டதை நேராகவே ஒப்புக்கொண்டார். ஏறக்குறைய பன்னிரண்டு வருடம். கடைசியில் சொன்னாரே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது என்பது என் எண்ணம். காரணம் பழி தீர்ப்பது இல்லை. அந்த இடைவெளிக்குள் 2011-இல் லிபியா வந்தது.

அப்போது அவர் வெளியுறவு அமைச்சர். பாதுகாப்பு அமைச்சர் கேட்ஸ் தயங்கியபோது தலையீட்டுக்கு ஆதரவாக நின்றார். இந்தத் தடவை ஐ.நா. தீர்மானம் இருந்தது, ஈராக்கும் லிபியாவும் ஒன்று இல்லை. ஆனால் பொதுமக்களைக் காப்பதற்கென்று வாங்கிய அதிகாரம் சில மாதங்களில் ஆட்சிக் கவிழ்ப்பில் முடிந்தது. ஒரு வேலைக்குக் கொடுத்த அதிகாரம் வேறு வேலைக்குப் போவது, அதற்கு மறுநாள் என்ன என்று யோசிக்காமல் இருப்பது, இரண்டும் 2002-இல் செய்த பிழையின் உடன்பிறப்புகள். லிபியாவில் மறுநாளுக்குத் திட்டமிடாததே தன் ஆட்சியின் மோசமான தவறாக இருக்கலாம் என்று 2016-இல் ஒபாமா சொன்னார். ஹிலாரியோ அதற்குச் சில மாதம் முன்பு நடந்த விவாத மேடையில் லிபியாவைச் சாமர்த்தியத்தின் உச்சம் என்று பாராட்டியிருந்தார்.

"தகவல் தப்பாக வந்தது" என்று நம்பினால் கற்கும் பாடம், அடுத்த தடவை நல்ல தகவல் வாங்கு என்பது மட்டும்தான். "நான் தப்பாக முடிவெடுத்தேன்" என்று ஒப்புக்கொண்டால்தான் முடிவெடுக்கிற முறையே மாறும். மழுப்பலின் நஷ்டம் அவருடைய பெயருக்கு மட்டும் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

அந்த இரண்டு வாக்கெடுப்புப் பட்டியல்களும், லெவினுடையதும் கடைசித் தீர்மானமும், இன்றும் செனட்டின் இணையதளத்தில் இருக்கின்றன. ஐந்து நிமிட வேலை. எந்த நாடானாலும், எந்தக் கட்சியானாலும், ஒரு அரசியல்வாதி போரைப் பற்றி "அப்போதே தெரிந்திருந்தால்" என்று ஆரம்பித்தால், அன்று அவர் முன்னால் என்ன தாள் இருந்தது, பக்கத்தில் வேறு என்ன தாள் இருந்தது, எதை எடுத்தார், எதைத் தள்ளினார் என்று தேடிப் பாருங்க. டம்ளர் தானாக உடைந்ததா என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம்.