வத்திராயிருப்பு முதல் இராஜபாளையம் வரை: கிறிஸ்தவ வழிபாட்டின் நான்கு மரபுகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பாட்டால் பெயர் பெற்ற ஊர். திருப்பாவை பாடிய ஆண்டாளின் ஊர். அரையர் சேவை இன்றும் நிகழும் மிகச் சில தலங்களில் ஒன்று. இந்த மண்ணில் வேர்விட்ட கிறிஸ்தவமும் பாடிப் பாடியே வளர்ந்தது. ஆனால் எப்படிப் பாடுவது, யார் முன்நின்று நடத்துவது, முழந்தாளிடுவதா கைதட்டுவதா, புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பதா கண்மூடி மனம்போல் ஜெபிப்பதா என்பதில் சபைக்குச் சபை வேறுபாடு உண்டு. ஞாயிறு காலை இராஜபாளையத்துத் தெருக்களில் நடந்தாலே இது காதில் விழும்.

இந்த வேறுபாட்டை நம்மில் பலர் மனக்குறையோடு பேசுகிறோம். ஒருவர் முறையை மற்றவர் வெறும் சடங்கு என்கிறோம், கூச்சல் என்கிறோம். நான் அப்படி எண்ணவில்லை. ஒவ்வொரு மரபும் மற்றவை கைநழுவ விட்ட ஒன்றை நமக்காகக் காத்து வைத்திருக்கிறது. அது எது என்று தெரிந்துகொண்டால் மதிப்பு தானாக வரும்.

திருப்பலி மரபு

நான்கில் மூத்தது கத்தோலிக்க வழிபாடு. இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். அடுத்த நூற்றாண்டில் வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார். அந்த மதுரை மிஷனின் வழிவந்ததே இன்று இவ்வூர்களை உள்ளடக்கிய மதுரை உயர்மறைமாவட்டம்.

இங்கே மையம் பீடம். மறையுரை நீளலாம், குறுகலாம். பூசை இல்லாமல் ஞாயிறு இல்லை. இந்த மரபு உடலையும் ஜெபிக்க வைக்கிறது. முழந்தாளிடுதல், சிலுவை அடையாளம், சாம்பிராணி, ஜெபமாலை, தவக்காலச் சிலுவைப்பாதை, கொடியேற்றம், நவநாள், சப்பரம் என்று எழுத்தறியாத பாட்டிக்கும் பங்கு உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஏடு, இலத்தீனுக்குப் பதில் மக்கள் மொழிக்குக் கதவு திறந்தது. 1969இல் இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்ட 12 மாற்றங்களுக்கு உரோமை இசைவு தந்தது. காலணி கழற்றிவிட்டுத் தரையில் அமர்வதும், கைகூப்பி வணங்குவதும், ஆரத்தி எடுப்பதும் அப்படித்தான் திருப்பலிக்குள் முறைப்படி வந்தன. காலங்காலமாக இந்த மண்ணில் இருந்த வணக்கம் பீடத்தின் முன் இடம் பெற்றது.

ஜெபப் புத்தக மரபு

1854இல் தாமஸ் ராக்லாண்ட் வட திருநெல்வேலியில் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போகும் ஊழியத்தைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து தேறியவர். 1858இல் சிவகாசியில் இறந்தார். அந்த ஊழியத்தில் நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. தெற்கே இருந்த சபைகள் தங்கள் செலவிலேயே உபதேசியார்களை வடக்கே அனுப்பி வைத்தன. இந்த வட்டாரத்துக்கு நற்செய்தி கொண்டுவந்ததில் தமிழரின் கைக்காசும் கால்நடையும் கலந்திருந்தன.

அவர்கள் கொண்டுவந்தது ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம். மதுரைப் பக்கம் அமெரிக்க மிஷனின் சபைகளோ புத்தகத்துக்குக் கட்டுப்படாத எளிய ஆராதனைக்குப் பழகியவை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, இந்த இரு சாராரும் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தில் ஒரே குடும்பமானார்கள். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அந்த இணைப்பின் மடியில் விழுந்தன. அத்திருமண்டலத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின் ஸ்காட்லாந்தின் பிரெஸ்பிட்டேரியன் சபையிலிருந்து வந்தவர். மூன்று வழிபாட்டுப் பழக்கங்கள் ஒரே மேசைக்கு வந்தன என்று சொல்லலாம்.

1950இல் முதன்முதல் பயன்பட்ட தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஒழுங்கு உலகமே உற்றுப் பார்த்த ஒன்று. குருவானவர் மேசைக்குப் பின் நின்று சபையைப் பார்த்தபடி நடத்துவதும், சமாதானத்தைக் கைக்குக் கை கடத்துவதும் அதில் இடம்பெற்றன. கையால் சமாதானம் வழங்கும் வழக்கம் கேரளத்துச் சிரியன் சபைகளிடமிருந்து வந்தது. புத்தக மரபு காப்பது இதைத்தான்: நடத்துகிறவரின் அன்றைய மனநிலை எப்படி இருந்தாலும் சபையின் ஜெபம் குறையாது. பாவ அறிக்கை, சங்கீதம், விசுவாசப் பிரமாணம், மன்றாட்டு எல்லாம் வாரந்தோறும் வரும். நாள்பட அவை மனப்பாடமாகி, நோயிலும் துக்கத்திலும் தாமே வாயில் எழும்.

இசையில் இம்மரபுக்கு இரண்டு சிறகுகள். ஒன்று, மேலைநாட்டு மெட்டில் அமைந்த பாமாலை. மற்றொன்று கீர்த்தனை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்றோர் இராகதாளத்தில் இயற்றியவற்றை அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் 1853இல் தொகுத்து அச்சிட்ட பிறகு, அவை சபைதோறும் பரவின. ஆர்கனும் மிருதங்கமும் ஒரே ஆலயத்தில் ஒலிப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். இதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது.

அப்பம் பிட்கும் மரபு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, மலையடியில் வத்திராயிருப்பு. அதன் அருகே 1840இல் யோவான் கிறிஸ்தியான் அருளப்பன் உருவாக்கிய குடியிருப்பு கிறிஸ்தியான்பேட்டை. 1810இல் பிறந்த அருளப்பன் பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். பிறகு சகோதரர் சபை மிஷனரி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் எளிய வழியை ஏற்றார். சபை வாரந்தோறும் கூடி அப்பம் பிட்கலாம். அதற்கு அபிஷேகம் பெற்ற குருவானவர் வேண்டியதில்லை. ஊழியன் வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பாமல் தேவனையும் தன் உழைப்பையும் நம்ப வேண்டும். இன்றைய சகோதரர் சபைகளில் மேடையோ அங்கியோ இல்லாத ஆராதனையில், தோட்டவேலை செய்யும் ஒருவர் எழுந்து வேதம் வாசித்து ஜெபிக்கிறாரே, அந்த உரிமையை இந்த மரபு காத்தது. இங்கே மௌனத்துக்கும் இடம் உண்டு.

1860இல் அருளப்பனின் சபைகளில் எழுப்புதல் மூண்டது. மக்கள் பாவங்களை அறிக்கையிட்டு அழுதார்கள். அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் கேட்டன. பெண்களும் பக்கத்துக் கிராமங்களுக்கு நற்செய்தி சொல்லப் புறப்பட்டார்கள். ஆங்கிலிக்கன் சர்ச் மிஷனரி சங்கத்தின் (சிஎம்எஸ்) மிஷனரி ஆஷ்டன் டிப் இதைப் பற்றி எழுதியது அதே ஆண்டில் அச்சங்கத்தின் இதழில் வெளிவந்தது. சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் ஐயப்பட்டார்கள். அந்த உரையாடல் இன்னும் முடியவில்லை. அருளப்பன் 1867இல் மறைந்தார். அவருடைய நாட்குறிப்புகளை ஜி.எச். லாங் 1939இல் நூலாக்கினார்.

அபிஷேக மரபு

பெந்தெகொஸ்தே இயக்கத்தின் கதையை 1906இல் அமெரிக்காவின் அசூசா தெருவில் தொடங்குவது உலக வழக்கம். அதற்கு 46 ஆண்டுகள் முன்பே நம் மலையடிவாரத்தில் அதன் அடையாளங்கள் தோன்றின என்பதை இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். இன்றைய பெந்தெகொஸ்தே சபைகளை நேற்று முளைத்தவை என்று ஒதுக்குவோருக்கும், பழைய சபைகளில் ஆவியே இல்லை என்போருக்கும் கிறிஸ்தியான்பேட்டை பதில் சொல்லும்.

இந்த மரபு காப்பது எதிர்பார்ப்பை. உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், சாட்சி, ஸ்தோத்திரபலி எல்லாமே இன்று, இங்கே தேவன் ஏதாவது செய்வார் என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. வேலைக்குப் போய்க் களைத்து வரும் பெண்ணுக்கு வாய்விட்டு அழ ஓர் இடம் கிடைக்கிறது. இதன் பாட்டுகள் வேலி தாண்டிவிட்டன. சாரா நவரோஜி அம்மையாரின் பாட்டுகளைப் புத்தக மரபினரும் பாடுகிறார்கள். கத்தோலிக்கக் குருவாக இருந்த பெர்க்மான்ஸ் அவர்களின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் எல்லாச் சபை இளைஞரின் நாவிலும் உள்ளன. கத்தோலிக்கருக்குள் அருங்கொடை இயக்கமும் கைதட்டிப் பாடுகிறது.

அளவுகோல் எது?

எல்லாமே நல்லது என்று சொல்லிவிட்டுப் போவதில் பொருள் இல்லை. வழிபாட்டைச் சீர்தூக்க அளவுகோல் வேண்டும். சத்தமோ அமைதியோ அந்த அளவுகோல் ஆகாது. சபையார் பங்கேற்கிறார்களா, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார்களா? வேதம் திறக்கப்படுகிறதா? ஒலிபெருக்கி அடுத்த வீட்டு நோயாளியை நினைக்கிறதா? ஏழையும் எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்களா?

கடைசிக் கேள்வி மிகக் கடுமையானது. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்கக் கோயில், சாதிக்கொரு பக்கம் என்று பிரித்துக் கட்டப்பட்டது; நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அந்தப் பிரிவைப் பன்மை என்று யாரும் போற்ற முடியாது. வழிபாட்டு முறை வேறுபடலாம், மனிதரைத் தரம் பிரிக்கலாகாது. இதில் நான்கு மரபுகளும் ஒரே தராசில் நிற்க வேண்டும்.

உண்மையான வேறுபாடுகளை மழுப்பவும் வேண்டாம். கத்தோலிக்க நற்கருணை பிற சபையாருக்குப் பொதுவாக வழங்கப்படுவதில்லை. சகோதரர், பெந்தெகொஸ்தே சபைகள் முழுக்கு ஞானஸ்நானத்தை வலியுறுத்துகின்றன. விருந்தாளியாகப் போகிறவர் அதை மதித்து, பாட்டிலும் ஜெபத்திலும் வேத வாசிப்பிலும் கலந்துகொள்ளலாம். அதுவே பெரிய ஐக்கியம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வாலிபர் சங்கமும் ஞாயிறு பள்ளியும் ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை மற்றொரு மரபின் ஆராதனைக்கு, அந்தச் சபையின் இசைவோடு அழைத்துப் போகட்டும். திரும்பியதும் அங்கே என்ன குறை என்று கேட்காமல், நம்மிடம் இல்லாத எது அங்கே இருந்தது என்று கேளுங்கள். சபை மலர் வெளியிடுவோர் நன்கொடையாளர் படங்களோடு நிறுத்தாமல், தம் சபையின் ஆராதனை ஒழுங்கையும், பழைய மெட்டுகளையும், அவற்றை இன்னும் பாடத் தெரிந்த மூத்தோரின் நினைவுகளையும் பதிவு செய்யட்டும். அந்த மெட்டுகளை அறிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்த வேலையை அடுத்த மலருக்குத் தள்ளிவைக்கக் கூடாது.