ஒரே நட்சத்திரம், இரண்டு அர்த்தம்

2013-இல் வந்த கிட் 1.8.2-இன் பாதைப் பொருத்த மாற்றத்தை மறுபடி வாசித்தேன். ஆர்சிங்க்கிலிருந்து வைல்டுமேட்ச் நிரலை எடுத்துவந்து, கிட்இக்னோரில் '**' என்றால் எத்தனை அடுக்கு உள்ளே போனாலும் பொருந்தும் என்று ஆக்கினார்கள். நல்ல வேலை. அதுவரை அடுக்குக்கு ஒரு வரி எழுதிக்கிட்டு இருந்தோம்.

ஆனா ஒரு குறை. கிட்இக்னோரில் 'குறிப்பு/*.லாக்' என்றால் அந்த அடைவில் நேராக இருக்கும் கோப்புகள் மட்டும். நட்சத்திரம் சாய்கோட்டைத் தாண்டாது. அதையே மேற்கோளுக்குள் போட்டு 'கிட் ஆர்எம்' கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்க, தாண்டும்! உள்ளடைவுக் கோப்புகளும் சேர்ந்து போயிடும். எனக்குப் போயிருக்கு. கடைசி கமிட்டில் இருந்ததால் தப்பித்தேன்.

பழைய ஸ்கிரிப்டுகள் உடையும் என்ற பயம் நியாயம்தான். அதனால் இயல்பை மாற்றாமல், பின்னாடி ':(குளோப்)' என்ற முன்னொட்டைத் தந்தார்கள். அதைப் போட்டால் நட்சத்திரம் கிட்இக்னோர் மாதிரியே நடக்கும். ஆனா அது இருப்பது தெரிந்தவர்களுக்குத்தானே உதவும்?

இப்போ இந்த மாதிரி மாற்றத்தைப் பார்த்தால் முதலில் கேட்பது இதுதான்: இதே குறி பக்கத்துக் கட்டளையில் என்ன அர்த்தம் தருது? அழிக்கும் முன்னாடி '-என்' போட்டு ஒத்திகையும் பார்த்துக்கிறேன்.