வினாத்தாளில் தலித் இலக்கியம்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எங்க பகுதிப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு மாணவி மாதிரி வினாத்தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். தலித் இலக்கியம் என்பது யாது? அ) தலித்துகளைப் பற்றிய இலக்கியம். ஆ) பட்டியல் சாதியினர் எழுதும் இலக்கியம். இ) ஒடுக்கப்பட்டோர் அனைவரின் இலக்கியம். ஈ) கலக இலக்கியம். விடை ‘அ’ என்று அச்சாகியிருந்தது. “நான் ஆ போட்டேண்ணா. தப்புங்கறாங்க, எப்படி?” என்றாள்.

எம்.ஏ.யில் தருக்கம் கொஞ்சம் படித்தேன். வரையறை சொல்லும்போது பொருளில் ஒரு பகுதி வெளியே நின்றுவிட்டால் அவ்வியாப்தி. வேறு பொருளும் உள்ளே நுழைந்துவிட்டால் அதிவியாப்தி. உதாரணம் எப்போதும் பசுதான். கபில நிறமுடையது பசு என்றால் வெள்ளைப்பசு வெளியே போய்விடும். கொம்புடையது பசு என்றால் எருமை உள்ளே வந்துவிடும். (செத்த பசுவை இழுத்துக்கொண்டு போகிறவன் யாரென்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.) மார்க் வாங்கினேன், மறந்துபோனேன். அன்றைக்குத்தான் அது உதவியது.

முதலில் ‘அ’. இதன்படி இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ தலித் இலக்கியம். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். கூலி நெல் கேட்டதும், செங்கொடி பிடித்ததும்தான் குற்றம். நாவலோ நிலவுடைமையாளனின் ஆண்மைக்குறைவுக்குள் போய்க் காரணம் தேடுகிறது. எரிந்தவர்கள் பின்னால் போய்விடுகிறார்கள், எரித்தவனின் மனசு முன்னால் வந்துவிடுகிறது. 1977இல் சாகித்திய அகாதெமி பரிசும் கொடுத்தார்கள். ‘அ’ என்ற விடைக்குள் இந்த எருமை தாராளமாக நுழையும்.

‘ஆ’ சரியா? 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரைச் சேர்க்கவில்லை. அப்படியானால் 1992இல் ‘கருக்கு’ எழுதிய பாமா? சர்ச்சுக்குள்ளும் கான்வென்ட்டுக்குள்ளும் சாதியைப் பார்த்து, நம்ம சனங்களின் பேச்சிலேயே எழுதிய அந்தப் புத்தகம் இந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. இன்னொரு பக்கம், பட்டியல் சாதியில் பிறந்த ஒருவர் மனுநீதிக்கு வக்காலத்து வாங்கி எழுதினால் அது உள்ளே வந்துவிடும். ஒரே வாக்கியத்தில் இரண்டு குற்றமும். அந்தப் பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. அவளும் வேதக்கார வீட்டுப் பிள்ளைதான். சாதிச் சான்றிதழில் பி.சி., தெருவில் சேரிக்காரி.

‘இ’ மகாராஷ்டிரத்து வாசனை அடிக்கிறது. தலித் பேந்தர்கள் 1973இல் வெளியிட்ட அறிக்கை உழைப்பாளிகள், நிலமற்றவர்கள், பெண்கள் எல்லாரையும் தலித் என்றது. அணி திரட்டுவதற்கான சொல் அது, அந்த வேலைக்குச் சரி. இலக்கியத்தை அதால் அளந்தால் தனி டம்ளர் வைத்திருக்கிற ஏழை ஆண்டையும் தலித் எழுத்தாளராகிவிடுவார்.

‘ஈ’யில்தான் நான் பல வருஷம் நின்றேன். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது, கலகம் எங்கே, நம்மளை நாமளே காட்டிக்கொடுக்கலாமா என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். பறத்தெருவுக்கு வெளுக்கிற, சோறெடுத்துத் தின்கிற புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியம். அவள் கலகம் செய்யவில்லைதான். எவரிடம் செய்வாள்? அவளை வாசலில் நிற்க வைத்தது நாம். நாவலை வெளியே தள்ளிய எனது வரையறை அவளையும் சேர்த்துத் தள்ளியது. இதை இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கு வெட்கமாயிருக்கிறது.

“அப்ப நீங்க என்னதான் சொல்றீங்க?” என்றாள். சாதியைக் கீழேயிருந்து பார்க்கிற எழுத்து என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தாள். “இமையம் புதிரை வண்ணாரில்லையே. ஆரோக்கியத்துக்கு அவரு மேலதான?”

என்னிடம் பதில் இல்லை. ஆரோக்கியம் வீட்டுப் பிள்ளைகள் எழுதி வரட்டும், அதை வைத்துத் திருத்திக்கலாம் என்றேன். தேர்வில் ‘அ’ போடச் சொன்னேன். கோபமாகப் போட்டாள்.