நகையும் அழுகையும்: மனோரமாவின் நடிப்பும் விருதின் அளவுகோலும்

ஆய்வுச் சுருக்கம்

நாடக மேடையிலிருந்து 1958ஆம் ஆண்டில் திரைக்கு வந்த மனோரமாவின் கலைவாழ்வு, நகைச்சுவை நடிகையாக இருந்த காலம், குணச்சித்திர நடிகையாக உயர்ந்த காலம் என இரு கட்டங்களாகப் பிரித்துப் பேசப்படுகிறது. ‘புதிய பாதை’ (1989) படத்திற்காக அவர் பெற்ற தேசிய விருது, இவ்வுயர்வுக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அவர் ஏற்ற சில பாத்திரங்களைக் கொண்டு இப்பகுப்பின் பொருத்தப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. இரு கட்டங்களுக்கிடையே பெரிதும் மாறியது நடிப்பன்று. பாத்திரங்களின் உறவுநிலையே என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மனோரமா, நகைச்சுவை நடிப்பு, மெய்ப்பாடு, வட்டார வழக்கு, தாய்மைப் பாத்திரம், தேசிய திரைப்பட விருது

முன்னுரை

மனோரமாவைப் பற்றிய எழுத்துகளில் முதலிடம் பெறுவது எண்ணிக்கை. ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களில் நடித்ததற்காகக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றார்; அண்ணா, கருணாநிதி ஆகியோருடன் மேடையிலும் எம்.ஜி.ஆர்., என்.டி.ராமராவ், ஜெயலலிதா ஆகியோருடன் திரையிலும் நடித்ததால் ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தவர் எனப் போற்றப்பட்டார். 2002ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2015ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அவர் மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகளிலும் இச்செய்திகளே திரும்பத் திரும்ப இடம்பெற்றன. ஒரு கலைஞரின் உழைப்பை உணர்த்த எண்கள் உதவும். அவரது கலையை விளக்க அவை போதா.

எண்ணிக்கைக்கு அடுத்து வருவது ஒப்புமை. ‘பெண் சிவாஜி’ என்னும் அடைமொழி புகழுரையே. எனினும், நகைச்சுவை நடிகை ஒருவரின் மேன்மையைச் சொல்ல நாயக நடிகர் ஒருவரின் பெயரைக் கடன்பெற வேண்டியிருப்பது கருதத்தக்கது. நகைச்சுவை நடிப்பை அதற்குரிய அளவுகோலால் அளக்கும் வழக்கம் தமிழ்த் திரை விமரிசனத்தில் போதிய அளவு வளரவில்லை என்பதையே இது காட்டுகிறது.

மேடை தந்த பயிற்சி

மன்னார்குடியில் 1937ஆம் ஆண்டில் பிறந்த கோபிசாந்தா, தாயுடன் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில் வறுமைக்கிடையே வளர்ந்தார். பன்னிரண்டு வயதளவில் மேடையேறி, ‘பள்ளத்தூர் பாப்பா’ என அறியப்பட்டார். மனோரமா என்பது நாடக மேடை தந்த பெயர். பின்னர் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நடித்தார். கண்ணதாசனின் ‘மாலையிட்ட மங்கை’ (1958) வழியாக நகைச்சுவைப் பாத்திரத்தில் திரைக்கு அறிமுகமானார். ‘கொஞ்சும் குமரி’ (1963) படத்தில் நாயகியாகவும் நடித்தார். ஆயினும், திரையுலகம் அவரை நகைச்சுவைக்கே மீண்டும் அழைத்துக்கொண்டது.

ஒலிவாங்கியின் உதவி குறைந்த மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு பேசுதல், பாடிக்கொண்டே நடித்தல், எதிரில் நிற்பவர் சொல் பிறழ்ந்தால் உடனே ஈடுகட்டுதல், அவையின் சிரிப்பு அடங்கும்வரை அடுத்த சொல்லை நிறுத்திவைத்தல் ஆகியன நாடகக் கலைஞருக்கு அடிப்படைப் பயிற்சிகள். இவற்றுள் இறுதியானது நகைச்சுவையின் உயிர்நிலை. எங்கே பேச வேண்டும் என்பதைவிட எங்கே பேசாதிருக்க வேண்டும் என்பதை அறிந்தவரே சிரிப்பையும் அழுகையையும் ஆள இயலும். மனோரமாவின் பிற்காலப் பாத்திரங்களில் பாராட்டப்பெற்ற மௌனங்களின் ஊற்று இப்பயிற்சியே எனலாம்.

வட்டாரக் குரல்கள்

மனோரமாவுக்கு முன்னிருந்த நகைச்சுவை நடிகையருள் டி.ஏ.மதுரம் என்.எஸ்.கிருஷ்ணனுடனும், எம்.சரோஜா கே.ஏ.தங்கவேலுவுடனும் இணைத்தே நினைக்கப்படுகின்றனர். நாகேஷ், சோ முதலிய பலருடன் இணைந்து நடித்தபோதும், மனோரமா எவருடைய இணையாகவும் மட்டும் எஞ்சிவிடவில்லை. இதற்கு முதன்மைக் காரணம் அவரது மொழித்திறன்.

கே.பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’ (1967) படத்தில் தூத்துக்குடி வழக்கில் பேசினார். ‘பொம்மலாட்டம்’ (1968) படத்தில் சென்னைத் தமிழில் அமைந்த பாடலைத் தம் சொந்தக் குரலிலேயே பாடினார். ‘சின்னக் கவுண்டர்’ (1992) படத்தில் கொங்கு வட்டாரத் தாயாக வந்தார். வட்டாரப் பேச்சு திரையில் பெரும்பாலும் எள்ளலுக்குரிய அடையாளமாகவே கையாளப்பட்ட காலத்தில், அவர் அதனைப் பாத்திரத்தின் அறிவும் தன்மதிப்பும் வெளிப்படும் ஊடகமாக்கினார். பேச்சைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கும் பார்வையாளர், பேசுபவளின் பக்கமே நின்று சிரிப்பதாகக் காட்சி முடியும். இம்மாற்றம் வசனத்தில் எழுதப்பட்டிருப்பதன்று, நடிப்பால் நிகழ்வது.

ஜில் ஜில் ரமாமணி: நகையின் அருகே அழுகை

கொத்தமங்கலம் சுப்புவின் புதினத்தைத் தழுவி ஏ.பி.நாகராஜன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படம், நாதசுரமும் பரதமும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் கதை. இவ்விரு செவ்வியல் கலைகளுக்கிடையே மூன்றாவது கலையொன்றின் பேராளராக நுழைபவள் ரமாமணி என்னும் நாடக நடிகை. மலிவான ஒப்பனை, கூச்சமற்ற பேச்சு, கூட்டத்தை மகிழ்விக்கும் ஆட்டம் ஆகியவற்றால் அவள் நகைப்புக்குரியவளாக அறிமுகமாகிறாள். கலைகளுக்குள் நிலவும் படிநிலையே இங்குச் சிரிப்புக்கு அடித்தளமாகிறது.

சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டபின், அத்தகைய நாதம் அவருடைய கருவியில் மட்டுந்தான் எழுமா என்னும் பொருள்பட அவள் வியந்து வினவுவது படத்தின் புகழ்பெற்ற இடங்களுள் ஒன்று. வினா பேதைமையுடையது, அவை சிரிக்கிறது. ஆனால் அதனைக் கேட்கும் முகத்தில் பாசாங்கு சிறிதும் இல்லை. இலக்கணம் அறியாத ஒருத்தி நாதத்தின் முன் முழுமையாகத் தோற்று நிற்கிறாள். கற்றோர் அவையின் தலையசைப்பைவிட மேலான பாராட்டு அது. அவர்பால் அவள் கொள்ளும் கனிவு கைகூட வழியில்லாதது என்பதையும் மனோரமா தனிச் சோகக் காட்சியின் துணையின்றியே உணர்த்திவிடுகிறார்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலிலும் அழுகையை அதனையடுத்தும் வைக்கிறது. நகை தோன்றும் நிலைக்களன் நான்கனுள் பேதைமை ஒன்று. அழுகைக்குரியவற்றுள் வறுமை ஒன்று. செய்யுளுக்கு வகுக்கப்பட்ட இக்கோட்பாட்டைத் திரைக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. ஆயினும், இரு களன்களும் ஓருருவில் கூடும் நிலையை விளக்க அது துணைபுரிகிறது. ரமாமணியின் பேதைமை நகையைத் தருகிறது. அப்பேதைமைக்குப் பின்னுள்ள எளிய வாழ்வு அழுகையை அருகில் நிறுத்துகிறது. குணச்சித்திரம் எனப் பிற்காலத்தில் பெயரிடப்பட்டது, 1968ஆம் ஆண்டிலேயே நகைச்சுவைக்குள் முழுமையாக இருந்தது.

விருதின் அளவுகோல்

இத்தகு நடிப்புக்குத் தேசிய அளவில் ஏற்பு கிடைக்க ஏன் இருபதாண்டுகளுக்கு மேலாயின? இதற்கு அமைப்புசார்ந்த விடையொன்று உண்டு. தேசிய திரைப்பட விருதுகளில் நடிப்புக்கான பிரிவுகள் 1967ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில்தான் தொடங்கின. துணை நடிகர், துணை நடிகைப் பிரிவுகள் 1984ஆம் ஆண்டுப் படங்களுக்கே சேர்க்கப்பட்டன. ஆகவே, நாயகியல்லாத ஒரு நடிகைக்கு அதற்கு முன் தனிப் பிரிவே இருக்கவில்லை. தாமதம் முழுவதையும் புறக்கணிப்பாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

எனினும், பிரிவு உருவான பின்னர் எத்தகைய பாத்திரம் விருதுக்குரியதாயிற்று என்னும் வினா எஞ்சுகிறது. விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) சிறந்த பொழுதுபோக்குப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. அதில் மனோரமா ஏற்ற வீட்டு வேலைக்காரி கண்ணம்மா, வீட்டார் தீர்க்க இயலாத சிக்கலில் சம்பந்தியாக வேண்டியவரைத் தன் வாய்வன்மையால் எதிர்கொள்கிறாள். குடும்பத்தின் தலைவனும் கற்ற மருமக்களும் தயங்கி நிற்கும் இடத்தில், கதையை நகர்த்துவது நகைச்சுவையே. அப்பாத்திரம் இன்றளவும் மக்கள் நினைவில் உள்ளது. ஆனால் நடிப்புக்கான தேசிய விருது அதற்குக் கிட்டவில்லை.

விருது, ஆர்.பார்த்திபனின் முதற்படமான ‘புதிய பாதை’யில் ஏற்ற பாத்திரத்திற்குக் கிட்டியது. அப்பாத்திரமும் அடித்தட்டு வாழ்விலிருந்து எழுந்ததே. பேச்சு வழக்கும், இடைவெளியறிந்து பேசும் முறையும், உடலசைவின் சிக்கனமும் கண்ணம்மாவிடமிருந்து பெரிதும் விலகியவை அல்ல. வேறுபாடு பாத்திரத்தின் நோக்கில் உள்ளது. கண்ணம்மா எதிர்த்துப் பேசி வெல்பவள்; ‘புதிய பாதை’யின் மூத்த பெண் பரிவால் தாங்குபவள்.

1980களின் இறுதியிலிருந்து அவருக்கு அமைந்த பாத்திரங்களையும் இதனுடன் சேர்த்துக் காண வேண்டும். ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’ (1988), ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989), ‘சின்னக் கவுண்டர்’ (1992), ‘ஜென்டில்மேன்’ (1993) ஆகியவற்றில் அவர் பாட்டியாகவோ தாயாகவோ தாய் நிலையில் நிற்பவராகவோ வருகிறார். செட்டிநாட்டில் மூத்த பெண்களை மரியாதையுடன் விளிக்கும் ‘ஆச்சி’ என்னும் சொல் அவரது பெயராகவே நிலைத்தது. உறவுமுறைப் பெயர் மதிப்பைத் தந்தது. அதே வேளையில், அம்மதிப்பு எந்நிபந்தனையில் வழங்கப்பட்டது என்பதையும் காட்டிக்கொடுத்தது.

இதற்கு மறுதலைச் சான்று பி.வாசுவின் ‘நடிகன்’ (1990). முதியவர் வேடமிட்டு வரும் சத்யராஜிடம் மனம் பறிகொடுக்கும் மூத்த பெண்ணாக அதில் மனோரமா நடித்தார். விருதுப் படத்திற்கு அடுத்த ஆண்டே வந்த இப்படத்தில், முதிய பெண்ணின் விருப்பம் முழுமையும் சிரிப்புக்கே உரியதாகிறது. தாயாக நின்றால் வணக்கத்துக்குரியவள், தனக்கென ஒன்றை விரும்பினால் நகைப்புக்குரியவள் என்னும் இருநிலை இங்குத் தெளிவாகிறது. எழுத்து அவ்வாறு வரையறுத்தபோதும், அப்பெண்ணின் நாணத்தை மனோரமா மெய்யான நாணமாகவே நடித்தார். ஆகவேதான் அக்காட்சிகளில் சிரிப்பினூடே சிறிது இரக்கமும் பிறக்கிறது.

அண்டை மொழிச் சான்று

இப்போக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் நகைச்சுவை நடிகையாகப் பெரிதும் அறியப்பட்ட கல்பனா, ‘தனிச்சல்ல ஞான்’ (2012) படத்தில் ஆதரவற்ற முதியவளைக் காக்கும் பெண்ணாக நடித்துச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். ‘எம்80 மூசா’ என்னும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரால் புகழ்பெற்ற சுரபி லட்சுமி, ‘மின்னாமினுங்கு’ படத்தில் மகளுக்காக உழைக்கும் தாயாக நடித்து 2016ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகை விருதைப் பெற்றார். மூன்று சான்றுகளைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் இயலாது. ஆயினும், சிரிக்க வைத்த நடிகை பேணுபவளாக மாறும் தருணத்தில் ஏற்புப் பெறுவது மூவரிடத்தும் ஒத்திருப்பது மேலாய்வுக்குரியது.

முடிவுரை

மனோரமா நகைச்சுவையைக் கடந்து குணச்சித்திரத்தை அடைந்தார் என்னும் கூற்று, முன்னதைத் தாழ்நிலையாகவும் பின்னதை உயர்நிலையாகவும் கொள்கிறது. ரமாமணி, கண்ணம்மா ஆகிய பாத்திரங்கள் அக்கூற்றை மறுக்கின்றன. குரல், வழக்கு, இடைவெளி, பேதைமைக்குள் தன்மதிப்பைக் காத்தல் ஆகிய அவரது நடிப்புக் கூறுகள் தொடக்கம் முதல் இறுதிவரை தொடர்ந்தன. அவற்றைக் காணும் கண்ணுக்கு, அவர் தாயாக வேண்டியிருந்தது. எனவே 1989ஆம் ஆண்டுப் படத்திற்கான விருதை அவரது திருப்புமுனையாகக் கொள்வதைவிட, திரையுலகின் பார்வைக்குரிய எல்லைக்கோடாகக் கொள்வதே தகும். நாயகியராகவும் தாயராகவும் அமையாத நகைச்சுவை நடிகையர் பலரின் நடிப்பு, அவ்வெல்லைக்கு அப்பால் இன்னும் ஆராயப்படாமல் கிடக்கிறது.