வெட்டுப்பட்ட மகள்

'ஏலியன்ஸ்' படத்தை நான் முதலில் பார்த்தது முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில், விடுதித் தோழி ஒருத்தியின் கணினியில். 1986இல் திரையரங்குகளில் ஓடிய 137 நிமிடப் பிரதி அது. பல ஆண்டுகள் கழித்துத்தான் 154 நிமிட நீள்பிரதியைப் பார்த்தேன். இடையில் ஒரு பெண்ணுக்குத் தாயாகியிருந்தேன். விடைத்தாள் திருத்தும் முகாமுக்கென வெளியூர் போய், அவளுடைய பிறந்தநாளன்று வீடு வந்து சேராதவளாகவும் ஆகியிருந்தேன். அதனால்தானோ என்னவோ, கூடுதலாக இருந்த 17 நிமிடங்களில் ஒரு சிறு காட்சி என்னைக் கலங்கடித்தது.

ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979) முடியும்போது, கப்பலில் உயிர் பிழைத்த ஒரே மனுஷி ரிப்ளி. அதன் தொடர்ச்சியாக ஜேம்ஸ் கேமரூன் எடுத்த இரண்டாம் படத்தில், விண்வெளியில் 57 ஆண்டுகள் உறங்கி மிதந்த அவளைக் கண்டெடுக்கிறார்கள். கண்விழித்தவள் மகளைப் பற்றிக் கேட்கிறாள். நிறுவனத்து ஆள் ஒரு புகைப்படத்தை நீட்டுகிறான். அதில் இருப்பவள் ஒரு கிழவி. அறுபத்தாறு வயதில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்ட மகள். பதினொன்றாம் பிறந்தநாளுக்கு வந்துவிடுவேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் ரிப்ளி வேலைக்குக் கிளம்பியிருந்தாள்.

இந்தக் காட்சியைப் படம்பிடித்தார்கள். படம் நீளம் என்று தொகுப்பு மேசையில் வெட்டினார்கள். ரிப்ளியாக நடித்த சிகர்னி வீவர் இதற்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே வருத்தப்பட்டிருக்கிறார். மகளை இழந்தவள் என்ற நினைவோடுதான், நியூட் என்ற அநாதைச் சிறுமியோடு வரும் ஒவ்வொரு காட்சியிலும் அவர் நடித்திருந்தார். நடிப்பு திரையில் தங்கிவிட்டது, அதன் காரணம் மட்டும் போய்விட்டது. அந்தப் புகைப்படத்தில் இருப்பவர் வீவரின் சொந்தத் தாய் எலிசபெத் இங்லிஸ். 1930களில் பிரிட்டிஷ் படங்களில் நடித்து, திருமணத்தோடு நடிப்பை விட்டவர். வேலையை விட்ட ஒரு தாயின் படம், வேலைக்குப் போன ஒரு தாயின் மகளாகப் பயன்பட்டது. அதுவும் வெட்டுப்பட்டது.

காரணம் போனால் என்ன ஆகிறது? ரிப்ளி உயிரைப் பணயம் வைத்துச் சிறுமியைத் தேடிப்போவது 'தாய்மை உணர்வு' ஆகிவிடுகிறது. பெண் என்றால் அப்படித்தான் செய்வாள் என்று பார்வையாளர் தலையாட்டலாம். காட்சி இருந்தாலோ, அவள் ஒரு வேலைக்காரி. சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமல் போன துக்கம் அவளுக்கு இருக்கிறது. ஒரு பெண்ணின் வரலாற்றை நறுக்கி எறிந்தால் மிஞ்சுவதைத்தான் நாம் அவளுடைய 'இயல்பு' என்கிறோம்.

இதே வேலை படப்பிடிப்புத் தளத்திலும் நடந்தது. தயாரிப்பாளர் கேல் ஆன் ஹெர்டுக்கு அப்போது வயது முப்பதை ஒட்டி. 'தி டெர்மினேட்டர்' (1984) படத்தைத் தயாரித்து வெற்றி கண்டிருந்தார். ஆனால் லண்டனுக்கு அருகே பைன்வுட் ஸ்டூடியோவில், உண்மையான தயாரிப்பாளர் யார் என்று அவரிடமே கேட்டார்கள். இயக்குநரின் மனைவி, அதனால் கிடைத்த பதவி என்பது அவர்கள் கணக்கு. கேமரூனையும் அந்தக் குழு எளிதில் ஏற்கவில்லைதான். ஆனால் அவரிடம் இந்த வேலை உனக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. ஹெர்டிடம், இந்த வேலையில் இருப்பது உண்மையில் நீதானா என்பது கேள்வி. அவருடைய உழைப்பிலிருந்து வரலாற்றை எடுத்துவிட்டு உறவுமுறையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

படத்தின் உச்சத்தில் இரண்டு தாய்கள் மோதுகிறார்கள். முட்டையிடும் ராணிப் பிராணி ஒருபுறம், இரும்புச் சுமைதூக்கி எந்திரத்துக்குள் நிற்கும் ரிப்ளி மறுபுறம். 14 அடி உயர ராணியை ஸ்டான் வின்ஸ்டன் குழு உருவாக்கியது. இந்த யோசனை நடக்குமா என்று முதலில் கறுப்புக் குப்பைப் பைகளைப் போர்த்திச் சோதித்துப் பார்த்தார்கள். ராணிக்குள் இருந்து கைகளை அசைத்தவர்கள் இரண்டு ஆண்கள். ரிப்ளியின் எந்திரத்துக்குள்ளும் வீவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பலசாலி ஆண் மறைந்து நின்று அதை இயக்கினார். தந்திரக் காட்சி என்றால் இப்படித்தான், இதில் குற்றம் காண ஏதுமில்லை. ஆனாலும் ஒன்று தோன்றுகிறது. தாய்மை என்று நாம் கைதட்டிய அந்தச் சண்டை, எத்தனையோ பேர் கூடிக் கட்டிய பொருள். தாய்மையும் அப்படிக் கட்டப்படுவதுதான்.

வெட்டிய காட்சியைத் திரும்பச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதிலும் எனக்கு உறுத்தல் உண்டு. முதல் படத்தின் திரைக்கதையில் பாத்திரங்களை ஆண் பெண் யார் வேண்டுமானாலும் நடிக்கலாம் என்று குறிப்பிட்டிருந்தார்கள். அந்த ரிப்ளிக்குப் போராட ஒரு குழந்தை தேவைப்படவில்லை. பெண்ணின் வீரத்துக்குத் தாய்மையைச் சான்றிதழாகக் கேட்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு. வகுப்பில் மூதின்முல்லைத் துறையை நடத்தும்போதெல்லாம், மகனைப் போருக்கு அனுப்பாத மறக்குடிப் பெண்ணுக்கு அங்கே என்ன இடம் என்று மாணவிகளிடம் கேட்பேன். இரண்டாம் படமும் அந்தச் சான்றிதழைக் கேட்கிறது. ஆனால் நீள்பிரதி, அந்தத் தாய்மைக்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதையாவது சொல்கிறது.

என் மகளுக்கு இப்போது பதினைந்து. குறும்பிரதியைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, "அவங்க பொம்பளை, அதான் பாப்பாவ விட்டுட்டு வர மனசு வரல" என்றாள். மறுவாரம் நீள்பிரதியைப் போட்டுக் காட்டினேன். கிழவியின் புகைப்படம் வந்தபோது பேசாமல் இருந்தாள். படம் முடிந்த பிறகு கேட்டாள்: "ம்மா, நீ வராத பர்த்டே எனக்கு ஏழா, எட்டா?"

ஏழு என்றேன். முகாமில் அன்று எத்தனை விடைத்தாள் திருத்தினேன் என்பதையும் சொன்னேன்.